அமானிதமும் அறிவித்தலும்: எச்.ஐ.வி. செய்தி வாழ்க்கைத் துணையைச் சென்றடைந்த வரலாறு

2003ஆம் ஆண்டு. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஒரு சிறிய முஸ்லிம் கிராமத்தில் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சுபஹுத் தொழுகையின் பின் பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை அடிபட்டது. வளைகுடா நாடொன்றில் சாரதியாக வேலை செய்த ஒருவர் ஒப்பந்தம் முடிய முன்னரே ஊர் திரும்பியிருந்தார். விசாவில் ஏதோ கோளாறு என்று வீட்டில் சொல்லியிருந்தார். இரத்தப் பரிசோதனையில் 'அந்த வருத்தம்' கண்டு அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் கடையில் பேசப்பட்ட விடயம். அது எங்கிருந்து கசிந்தது என்று எவரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதும் அறிந்துவிட்டது. அறியாதிருந்தவர் அவருடைய மனைவி மட்டுமே. பல வாரங்கள் சென்றபின், கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று அவர் உணர்ந்தாராம். அவர்களுடைய மகள் எனது ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களில் சீதன வீட்டைப் பூட்டிவிட்டு அக்குடும்பம் வேறோர் ஊருக்குப் போய்விட்டது. பிள்ளையின் விடுகைப் பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்பம் இடம்மாறியது' என்று நானே எழுதினேன்.

அந்தச் செய்தியை நானும் இரண்டு பேருக்குக் கடத்தியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சக ஆசிரியர் ஒருவரிடமும் என் மச்சானிடமும் சொன்னேன். அந்த மனிதரைத் தனியே கண்டு, "காக்கா, வீட்டில சொல்லிட்டீங்களா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்பட வேண்டிய ஒருத்திக்குச் சொல்லப்படாமலும், சொல்லத் தேவையில்லாத நூறு பேருக்குச் சொல்லப்பட்டும் அந்தச் செய்தி ஊரைச் சுற்றியது. பின்னர் இந்நோயின் வரலாற்றை வாசித்தபோது, இத்தலைகீழ் நிலை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று என்று விளங்கியது. சென்னையிலும் கோவாவிலும் நாகாலாந்திலும் கொழும்பிலும் அதே கதை வெவ்வேறு உருவில் நடந்திருக்கிறது. அவ்வரலாற்றைத் தொட்டுச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் ஆண்டுகள்

தெற்காசியாவில் இந்நோயின் வரலாறு தமிழ் நாட்டிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் சோதனை வசதி இருக்கவில்லை. மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. செய்தி அரசாங்கத்துக்குச் சென்றது, சட்டசபையில் அறிவிக்கப்பட்டது, பத்திரிகைகளில் வந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் இரத்தம் எடுத்தபோது எதற்காக எடுக்கிறேன் என்பதைத் தான் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோயைக் கண்டறிவதே பெரும் சாதனையாக இருந்த காலம் அது. எனினும் உரியவர் கடைசியில் அறியும் வழக்கம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று வருடங்களின் பின், 1989இல், கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் பொலிஸார் அழைத்துச் சென்றனர். அவர் இரத்ததானம் செய்துவந்தவர். தானம் செய்த இரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டிருந்தது. தன்னை எதற்காக அழைத்துப் போகிறார்கள் என்பதைப் பொலிஸாரின் கையில் சிக்கிய பிறகே அவர் விளங்கிக்கொண்டார். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 64 நாட்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாயார் நீதிமன்றம் சென்றார். விடுதலையான டொமினிக், தொற்றுக்கு ஆளானவர்களுக்காக ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, 1992இல் காலமானார். ஒருவரின் இரத்தம் பற்றிய செய்தி அவரைத் தவிர மற்றெல்லோருக்கும் உரிய பொதுச்சொத்தாக எண்ணப்பட்ட காலத்துக்கு அவர் சாட்சி.

'எக்ஸ்' என்பவரின் வழக்கு

துணையிடம் சொல்லுதல் என்ற கேள்வி நேரடியாக நீதிமன்றத்துக்கு வந்தது 1998ஆம் ஆண்டில். நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், 1995இல் நோயுற்ற ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். சத்திரசிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டபோது தானும் கொடுத்தார். அந்த இரத்தத்தைச் சோதித்தபோது தொற்று இருப்பது தெரிந்தது. அவருக்கு அவ்வருடம் டிசம்பர் 12ஆம் திகதி திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து செய்தி வெளியே போயிற்று. திருமணம் நின்றது. ஊரார் ஒதுக்கினர். அவர் கொஹிமாவை விட்டுச் சென்னைக்கே குடிபெயர நேர்ந்தது. இரகசியத்தைக் காக்கத் தவறியதாக மருத்துவமனைக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். நீதிமன்றப் பதிவில் அவர் பெயர் 'எக்ஸ்'. மருத்துவமனையின் பெயர் 'இசட்'. மணப்பெண் 'வை'.

1998 செப்டெம்பர் 21ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒருவரின் அந்தரங்க உரிமை எல்லையற்றதன்று, மணமகளாக வரவிருக்கும் பெண்ணின் ஆரோக்கிய உரிமை அதைவிட மேலானது என்று நீதிபதி சகீர் அஹ்மத் எழுதினார். இந்த அளவில் தீர்ப்பை எவரும் மறுக்க முடியாது. ஆனால் நீதிமன்றம் அத்தோடு நிற்கவில்லை. நோய் குணமாகும்வரை இத்தகையவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமையாகும் என்றும் கூறிவிட்டது. அறிந்தே மணக்கச் சம்மதிக்கும் ஒரு பெண் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் இடமில்லை.

தொற்றுக்கு ஆளானவர்களும் வழக்கறிஞர்களும் மீண்டும் முறையிட்டனர். 2002 டிசம்பர் 10ஆம் திகதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமண உரிமை பற்றிய முந்திய கருத்துகள் அவ்வழக்குக்குத் தேவையற்றவை என்று தீர்த்தது. திருமணக் கதவு மீண்டும் திறந்தது. சென்னையில் சுனிதி சொலமன் தோற்றுவித்த வை.ஆர்.ஜி. கெயார் நிறுவனம், தொற்றுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவர்களுக்குள்ளேயே வரன் பார்க்கும் வேலையையும் செய்தது. இருவருக்கும் தெரிந்திருந்தால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இவ்வழக்கை வாசிக்கும்போது என் மனதில் நிற்பது வேறொன்று. 'வை' என்ற அந்தப் பெண்ணுக்கு அறியும் உரிமை இருந்தது, சரி. ஆனால் அவருக்கு மட்டுமே சொல்லப்பட வேண்டிய செய்தி ஓர் ஊருக்கே எப்படிப் போனது? 'எக்ஸ்' என்பவரை அழைத்து, இதை நீங்கள் அவருக்குச் சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு நாங்கள் துணைநிற்கிறோம் என்று எவராவது கூறினார்களா? சட்டம் இக்கேள்விகளுக்கு வந்துசேர மேலும் 15 வருடங்கள் எடுத்தன.

சொல்லப்படாத பெண்கள்

'எக்ஸ்' வழக்கில் மணப்பெண் காப்பாற்றப்பட்டார். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. நாமக்கல் லொறித் தொழிலுக்குப் பேர்போன ஊர். வாரக்கணக்கில் வீதியில் வாழும் சாரதிகள் வழியே நோய் வீடுகளுக்குள் நுழைந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1995ஆம் ஆண்டளவில், இருபது வயதைச் சுற்றிய பருவத்தில், உறவினர் ஒருவருக்கு அவர் மணம் முடித்துக் கொடுக்கப்பட்டார். தனக்குத் தொற்று இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. மணமாகிச் சில வாரங்களில் கௌசல்யாவும் தொற்றுக்கு ஆளானார்.

அவர் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. இந்தியாவில் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேச முன்வந்த முதற் பெண்களில் ஒருவரானார். 1998இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஒரு வலையமைப்பை ஏனைய பெண்களோடு சேர்ந்து தோற்றுவித்தார். அவ்வமைப்புக்கு வந்த பெண்களுள் பலர் தம் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். பத்தினித்தனமும் பேணுதலும் தம்மைக் காக்கும் என்று நம்பியிருந்தவர்கள். 'எக்ஸ்' வழக்கில் ஆராயப்பட்ட 'அறியும் உரிமை' எவருக்காக என்பதை இப்பெண்களின் வாழ்க்கை எந்தத் தீர்ப்பையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையால், பல குடும்பங்களில் நோய் முதலில் வெளிப்படுவது மனைவியின் இரத்தத்திலேதான். கணவன் ஒருபோதும் சோதித்திருக்க மாட்டான். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவரே நோயைக் கொண்டுவந்தவர் என்று குடும்பம் தீர்மானிக்கிறது. ஆகவே துணையிடம் சொல்லுங்கள் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குரலில் உபதேசிப்பது எளிது. சொன்னபின் அடியும் தலாக்கும் எவருக்குக் காத்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எமது நாடும் எமது கரையும்

இலங்கையில் தொற்றுக்கு ஆளான முதல் இலங்கையர் 1987இல் பதிவானார். அன்றிலிருந்து இன்றுவரை தொற்று வீதம் மிகக் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவையும் அது எட்டவில்லை. குறைவாக இருப்பது ஆறுதலே. ஆனால் குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொருவரும் தனித்துப்போனார். பேச முன்வந்தவர் விரல்விட்டு எண்ணக்கூடியவரே.

அவர்களுள் முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் குழந்தை நல மருத்துவர் கமலிகா அபேரத்ன. 1995இல் வீதி விபத்தொன்றில் படுகாயமுற்று, ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே தொற்றுக்கு ஆளானார். மருத்துவரான அவரது கணவர் மைக்கல் அபேரத்ன அவரை விட்டு விலகவில்லை. மனைவியோடு சேர்ந்து பகிரங்கமாகப் பேசினார். 2004 டிசம்பரில் கமலிகா காலமானார். படித்தவர், வசதியுள்ளவர், தன் குற்றமென்று எவரும் சொல்ல முடியாதவர். அப்படிப்பட்டவருக்கே அது கடினமான பாதையாக இருந்தது என்றால், வாகரையிலோ ஏறாவூரிலோ ஓர் ஏழைப் பெண் எப்படிப் பேசியிருப்பாள்?

எமது கரையோரத்தில் இவ்விடயம் வெளிநாட்டு வேலையோடு பின்னிக் கிடக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் அமைக்கப்பட்டது. அக்காலம் தொட்டு எமது ஊர்களிலிருந்து ஆண்கள் சாரதிகளாகவும், பெண்கள் பணிப்பெண்களாகவும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். புறப்பட முன்னர் இரத்தப் பரிசோதனை. அங்கே அனுமதி புதுப்பிக்கும்போது மீண்டும் பரிசோதனை. தொற்று கண்டால் நாடு கடத்தல். பலருக்கு என்ன நோய் என்பதுகூட ஒழுங்காகச் சொல்லப்படுவதில்லை, ஆலோசனை வழங்கப்படுவதில்லை என்பதை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் 2009இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இலங்கைப் பெண்களும் அவ்வாய்வில் உள்ளனர். தனக்கே சரியாகச் சொல்லப்படாத ஒன்றை ஒருவர் தன் துணைக்கு எப்படிச் சொல்வார்? எங்கள் ஊருக்குத் திரும்பிய அந்தச் சாரதியை நினைக்கும்போது இக்கேள்வி என்னை உறுத்துகிறது.

இதற்கு எமது கரைக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணமுடித்து வைக்கிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். வெளிநாடு போகும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் அந்த வீட்டின் கல்லுக்கும் ஓட்டுக்குமாகவே போகிறார்கள். தன் நோயை மனைவியிடம் சொல்லும் ஆண், அவளோடு அவளது வீட்டையும், அவளது உம்மா வாப்பாவின் நிழலையும் இழக்கப் போகிறான். தங்கைகளின் திருமணமும் அவன் கண்முன் நிற்கிறது. இது மறைப்பதற்கு நியாயமாகாது. ஆனால் அவனைப் பேசவிடாமல் தடுப்பது எது என்று அறியாமல் அவனைப் பேசவைக்க முடியாது.

பேசினால் என்ன நடக்கும் என்ற அச்சம் வெறும் கற்பனையுமல்ல. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைகள் கதவடைத்தன. அவனுடைய தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்தியே காரணம். தாய்க்கும் பிள்ளைக்கும் தொற்று இல்லை என்பது பரிசோதனையில் உறுதியான பின்னரும், அவன் சேர்க்கப்பட்ட பாடசாலையிலிருந்து மற்றைய பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வருடம் ஏப்ரல் மாதம், தொற்றைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையின் கல்வியுரிமையையும் மறுக்க முடியாது என்பது அங்கே உறுதிசெய்யப்பட்டது. ஓர் ஆசிரியனாக அச்செய்தியை வாசித்தபோது எனக்கு 2003இன் விடுகைப் பத்திரமே நினைவுக்கு வந்தது. அன்று அந்தப் பிள்ளைக்காக எந்த நீதிமன்றமும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பிக்ஹு என்ன சொல்கிறது

இவ்விடயத்தில் எமது மார்க்க அறிஞர்கள் மௌனமாக இருந்தார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, தம்பதியரில் ஒருவருக்கு இந்நோய் ஏற்பட்டால் அவர் மற்றவருக்கு அறிவிப்பதும், தடுப்பு நடவடிக்கைகளில் ஒத்துழைப்பதும் கடமை என்று தீர்மானித்தது. 1995இல் அபூதாபியில் கூடியபோது, வேண்டுமென்றே நோயைப் பரப்புதல் ஹராம் என்றும், நோயற்ற துணைக்குப் பிரிவைக் கோரும் உரிமை உண்டு என்றும் கூறியது. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. எமது மேடைகளில் முதலிரண்டும் எப்போதாவது கேட்கும். மூன்றாவது கேட்பதே இல்லை.

இதன் வேர் பழையது. ஷாபிஈ மத்ஹபின் நூல்கள், தொழுநோய் போன்ற சில குறைகள் மறைக்கப்பட்டு நிக்காஹ் நடந்திருந்தால் மற்றத் தரப்பு அதை முறித்துக்கொள்ளலாம் என்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துள்ளன. திருமணத்தில் அறியும் உரிமை மேற்கிலிருந்து இறக்குமதியான புதுமையன்று.

ஆனால் அதே நூல்கள் நாவுக்கும் வேலி போட்டுள்ளன. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர் என்றும் மற்றவர் கடுமையானவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் ஒளிவின்றிச் சொன்னார்கள். இதை ஆதாரமாகக் கொண்டே, திருமண ஆலோசனையில் ஒருவரின் குறையைச் சொல்வது புறமாகாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறார். 'இவர் உமக்குப் பொருத்தமில்லை' என்று சொல்வதே போதுமென்றால் அதற்கு மேல் குறையை விவரிக்கக் கூடாது. அதாவது, சொல்ல வேண்டியவருக்கு, தேவையான அளவு மட்டும். தேத்தண்ணிக் கடையிலிருந்த நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. எங்களுள் ஒருவர்கூட ஆலோசனை கேட்கப்பட்டவர் அல்லர்.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி ஒரு பெண் பஸஹ் கோரினால், காதி மூன்று மதிப்பீட்டாளர்களோடு அமர்ந்து விசாரிப்பார். சட்டம் எழுதப்பட்டவாறு அவர்கள் அனைவரும் ஆண்கள். பெரும்பாலும் அவளை அறிந்த அயலூரார். தன் கணவனின் நோயையும் தன் உடலின் நிலையையும் அப்பெண் அவர்கள் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிவுரிமை இருக்கிறது என்று ஏட்டில் சொல்வதோடு எமது கடமை முடிந்துவிடுமா?

மலேசியா வேறொரு வழியைத் தேர்ந்தது. 2001இல் ஜொகூர் மாநிலம் முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஏனைய மாநிலங்கள் தொடர்ந்தன. முடிவு தொற்று என்று வந்தாலும் திருமணம் தடுக்கப்படுவதில்லை. இருவரும் அறிந்து தீர்மானிக்கலாம். நல்ல ஏற்பாடு போலவே தோன்றுகிறது. ஆனால் நிக்காஹ் நாளில் எடுத்த முடிவு, ஐந்து வருடங்களின் பின் விமானம் ஏறிப்போய்த் திரும்பும் கணவனைப் பற்றி எதையும் சொல்லாது. காகிதத்தை நம்பி வாயை மூடிக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு.

மருந்து மாற்றிய கணக்கு

1986இலிருந்து பத்து வருடங்களுக்கு, துணையிடம் சொல்வது என்பது மரணச் செய்தியைச் சொல்வதாகவே இருந்தது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது அக்கணக்கு மாறத் தொடங்கியது. இலங்கையில் 2004ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசாங்கம் இம்மருந்துகளை இலவசமாக வழங்கிவருகிறது.

2011இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை என்ற நிலையிலிருந்த 1763 தம்பதிகள் ஒன்பது நாடுகளில் அவ்வாய்வில் சேர்ந்தனர். சென்னையும் அதன் களங்களில் ஒன்று. மருந்தை முன்கூட்டியே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. பரிசோதனை முடிவைத் துணையோடு பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சொன்னவர்களின் துணிவிலிருந்தே அந்த அறிவு பிறந்தது. அதன்பின் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள், மருந்தால் இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பவரிடமிருந்து துணைக்குத் தொற்று ஏற்பட்டதாக ஒரு சம்பவத்தைக்கூடக் காணவில்லை. 2019இல் அது மேலும் உறுதியானது. அதே வருட டிசம்பரில், தாயிலிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. தொற்றுள்ள தாய் உரிய நேரத்தில் மருந்தெடுத்தால் பிள்ளை நோயின்றிப் பிறக்கிறது.

எனவே இன்று சொல்வதன் பொருள் வேறு. சொல்லப்பட்ட மனைவி பரிசோதித்துக்கொள்ளலாம். தொற்று இல்லையென்றால் பாதுகாத்துக்கொள்ளலாம். இருந்தால் அன்றே மருந்தைத் தொடங்கலாம். அவள் பெறும் பிள்ளையும் காக்கப்படும். மறைக்கப்பட்டவளுக்கு இவற்றில் எதுவுமில்லை. மருந்து இல்லாத காலத்து மௌனத்துக்கு ஒரு சாட்டு இருந்திருக்கலாம். மருந்து இலவசமாகக் கிடைக்கும் காலத்து மௌனத்துக்கு அதுவும் இல்லை.

சட்டமும் இவ்வழியில் மெல்ல நகர்ந்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருத்துவரோ ஆலோசகரோ துணைக்கு அறிவிக்கலாம். ஆனால் துணைக்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். முதலில் நோயாளிக்கு ஆலோசனை கூறியும் அவர் சொல்லாமலிருக்க வேண்டும். அறிவிக்கப் போவதை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். துணையிடம் நேரிலே, ஆலோசனையோடு சொல்ல வேண்டும். சொல்வதால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேருமென்று அஞ்சும் பெண்ணின் நிலையையும் அச்சட்டம் கருத்திற் கொண்டது. 'எக்ஸ்' வழக்கில் கேட்கப்படாத கேள்விகள் இங்கே வரிவரியாகக் கேட்கப்பட்டுள்ளன. எமது நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. மட்டக்களப்பு உட்பட மாவட்டங்கள் தோறும் உள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில், இரகசியம் காத்து, நோயாளியின் சம்மதத்தோடு துணையை அழைத்துச் சோதிக்கும் முறையே இருக்கிறது. தனியே சொல்லத் துணிவில்லாதவர் துணையை அங்கே அழைத்துச் சென்று, வைத்தியர் முன்னிலையில் சொல்லலாம். இந்த வசதி இருப்பதே எமது ஊர்களில் பலருக்குத் தெரியாது.

முடிவாக

இப்போது பதினோராம் தரத்துக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கும்போது இந்நோய் பற்றிய அலகை நான் தாண்டிப் போவதில்லை. போன வருடம் ஒரு மாணவன், "சேர், ஒராளுக்கு அது இருக்கெண்டு நமக்குத் தெரிஞ்சா என்ன செய்யணும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. மூன்று விடயங்கள் சொன்னேன். அவரிடமே போய், தனியாக, வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேள். சொல்லவில்லையென்றால் சொல்வதற்கு உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டு. வேறெவரிடமும் வாய் திறக்காதே. இவை மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும். முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்தால் ஒரு பெண் அழிவாள். மூன்றாவதை விட்டால் ஒரு குடும்பம் அழியும்.

ஒருவரின் நோய் எமது காதுக்கு வந்தால் அது அமானிதம். அதை உரியவரிடம் சேர்ப்பதற்குத் துணைநிற்பதும், உரியவரல்லாதோரிடமிருந்து காப்பதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள். எமது கதீப்மார் ஒரு ஜும்ஆவில் இதைச் சொல்லலாம். நிக்காஹ் பேசும் பெரியவர்கள் மஹர் பற்றியும் வீடு பற்றியும் பேசும் இடத்தில் இதையும் பேசலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒருவர் முதலில் போய்ப் பேசக்கூடிய ஒரு மனிதர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கலாம்.

அந்த ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று நான் தேடவில்லை. தேடும் உரிமையும் எனக்கில்லை. அவளுடைய உம்மா உரிய நேரத்தில் அறிந்தாரா, மருந்து கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய வேளையில் நான் கேட்கவில்லை. இன்னோர் ஊரில், இன்னொரு கடையில், இன்னோர் இளம் ஆசிரியர் இப்படியொரு கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் எழுந்து அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போகட்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.